முறிவுள்ள காலத்தொடர்களில் நீண்டகால உறவைச் சோதிப்பது எப்படி: ரூபாய்–டாலர் தரவை வைத்து ஒரு வழிகாட்டி

டாலருக்கு இத்தனை ரூபாய் என்ற விலையும், இந்திய விலைவாசிக்கும் அமெரிக்க விலைவாசிக்கும் உள்ள விகிதமும் நீண்டகாலத்தில் சேர்ந்தே நகர வேண்டும் என்கிறது வாங்கும் சக்திச் சமநிலைக் கோட்பாடு. மாதாந்திரத் தரவை எடுத்து, இத்தகைய உறவைச் சோதிக்கப் பாடப்புத்தகத்தில் உள்ள எங்கிள்–கிரேஞ்சர் சோதனையை ஓட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் குழப்பமான விடையே கிடைக்கும். தரவின் நடுவில் 1991 ஜூலை இருக்கிறது. இரண்டே நாள் இடைவெளியில், இரு படிகளாக, ரூபாயின் டாலர் மதிப்பு சுமார் 18% குறைக்கப்பட்ட மாதம் அது. உறவு உண்மையிலேயே இருந்தாலும், இப்படி ஒரு குதிப்பைக் கணக்கில் எடுக்காத சோதனை 'உறவு இல்லை' என்று சொல்லிவிடக்கூடும்.

இப்படித் திடீரென மட்டமோ உறவோ மாறும் இடத்தை முறிவு என்கிறோம். முறிவைச் சேர்த்துச் சோதிக்கும் முறைகள் 1990-களிலிருந்தே இருக்கின்றன. இன்று ஸ்டேட்டா, இவியூஸ், காஸ் போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஓரிரு கட்டளைகளில் ஓட்டிவிடலாம். அதனால்தான் தவறும் எளிதாக நடக்கிறது. ஒரு தொடரில் முறிவு இருப்பது வேறு, இரு தொடர்களுக்கு இடையிலான உறவில் முறிவு இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை விட்டுவிடாமல் படிப்படியாகப் போவோம்.

படி 1: காலத்தை முடிவு செய்யுங்கள்

1976 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரை எடுத்துக்கொள்வோம். 44 ஆண்டுகள், 528 மாதங்கள். தொடக்கத்துக்குக் காரணம், ரூபாய் 1975 செப்டம்பரில்தான் ஸ்டெர்லிங்கைவிட்டு விலகிப் பல நாணயங்கள் கொண்ட ஒரு தொகுப்போடு இணைக்கப்பட்டது. அதற்கு முந்தைய டாலர் விலையில் பவுண்டின் கதையும் கலந்திருக்கும். முடிவை 2019-இல் வைத்தால் கோவிட் காலமும், 2020-இல் நடந்த விலைக்குறியீட்டு அடிப்படை ஆண்டு மாற்றமும் வெளியே நிற்கும்.

ஆண்டுத் தரவு போதுமே என்று தோன்றலாம். 44 புள்ளிகளில், முறிவுச் சோதனைகள் கேட்பதுபோல் இரண்டு முனையிலும் 15% ஒதுக்கினால் முனைக்கு 6 அல்லது 7 ஆண்டுகள் போய்விடும். மிச்சத்தில் இரண்டு முறிவு தேடினால் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் கைவிரல் விட்டு எண்ணும் அளவே புள்ளிகள் கிடைக்கும். அதேசமயம் மாதத் தரவு 528 புள்ளி தருவதால் 12 மடங்கு தகவல் வந்துவிட்டதாகவும் எண்ணாதீர்கள். நீண்டகால உறவைப் பற்றிய தகவலைத் தருவது 44 ஆண்டு என்ற நீளம்தான். மாதத் தரவு முக்கியமாக உதவுவது முறிவின் தேதியைக் கூர்மையாகப் பிடிப்பதில்.

படி 2: தரவில் நீங்களே முறிவை உண்டாக்கிவிடாதீர்கள்

இந்தியாவுக்குத் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக்குறியீட்டை எடுங்கள். இந்திய அரசின் லேபர் பீரோ வெளியிடுவது. இந்தக் காலத்துக்குள் அதன் அடிப்படை ஆண்டு இருமுறை மாறியிருக்கிறது. 1988 அக்டோபரில் 1960-லிருந்து 1982-க்கு, 2006 ஜனவரியில் 1982-லிருந்து 2001-க்கு. இணைப்புக் காரணிகள் முறையே 4.93, 4.63. எல்லாவற்றையும் 2001 அடிப்படைக்குக் கொண்டுவர, 1982 வரிசை எண்களை 4.63-ஆல் வகுக்க வேண்டும். 1960 வரிசை எண்களை 4.93 × 4.63, அதாவது 22.8259-ஆல் வகுக்க வேண்டும்.

இதை மறந்தால் என்ன ஆகும்? மடக்கையில் 1988 அக்டோபரில் 1.595 அளவுக்கு ஒரு சரிவு, 2006 ஜனவரியில் 1.533 அளவுக்கு இன்னொன்று. எந்த முறிவுச் சோதனையும் இந்த இரு தேதிகளைத்தான் முதலில் காட்டும். முடிவில் 1988 அக்டோபர் என்று முறிவு வந்தால், பொருளாதாரக் காரணம் தேடும் முன் தரவுக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

அமெரிக்காவுக்கு, பருவகாலத் திருத்தம் செய்யாத நுகர்வோர் விலைக்குறியீட்டையே எடுங்கள். இந்தியத் தொடரில் பருவத் திருத்தம் இல்லை. ஒன்று திருத்தியது, ஒன்று திருத்தாதது என்று கலந்தால் விகிதத்தில் தேவையற்ற ஏற்ற இறக்கம் மிஞ்சும்.

நாணய விலைக்கு மாதக் கடைசி நாள் விலை வேண்டாம், மாத சராசரி எடுங்கள். விலைக்குறியீடும் மாதம் முழுவதையும் பிரதிபலிப்பதுதான். இங்கே இன்னொரு கண்ணி உண்டு. 1992 மார்ச் முதல் 1993 பிப்ரவரி வரை இந்தியாவில் இரட்டை நாணய விலை இருந்தது. ஏற்றுமதியாளர் ஈட்டும் டாலரில் 40% அரசு விலைக்கும் 60% சந்தை விலைக்கும் மாற்றப்பட்டது. அரசு விலை 26 ரூபாயை ஒட்டியும், சந்தை விலை 30 ரூபாயை ஒட்டியும் இருந்தன. 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாயின. உங்கள் தொடர் அரசு விலையைப் பின்பற்றினால் குதிப்பு 1993 மார்ச்சில் தெரியும்; சந்தை விலையைப் பின்பற்றினால் 1992 மார்ச்சிலேயே தெரிந்துவிடும். ஒரே வரலாறு, தரவு மூலத்தைப் பொறுத்து ஓராண்டு தள்ளி முறிகிறது. இந்த 12 மாதங்களை நேரில் பார்த்து, எது என்று எழுதிவையுங்கள்.

கடைசியில் இரண்டு தொடர்கள் கையில் இருக்க வேண்டும். *e* என்பது டாலருக்கான ரூபாய் விலையின் இயல் மடக்கை. *p* என்பது இந்தியக் குறியீட்டின் மடக்கையிலிருந்து அமெரிக்கக் குறியீட்டின் மடக்கையைக் கழித்தது.

படி 3: வரைந்து பாருங்கள்

இரண்டையும் ஒரே படத்திலும், *e − p* என்ற வேறுபாட்டைத் தனிப் படத்திலும் வரையுங்கள். இரண்டாவது படம்தான் முக்கியம். *e* 1991-இல் குதிப்பது முதல் படத்தில் எவருக்கும் தெரியும். அந்தக் குதிப்பு வேறுபாட்டிலும் நிலைத்து நிற்கிறதா, சில ஆண்டுகளில் கரைந்துபோகிறதா என்பதை இரண்டாவது படம்தான் காட்டும். இதைப் பார்க்காமல் சோதனைக்குத் தாவுகிறவர்கள் பின்னால் வரும் எண்களைப் படிக்கத் தெரியாமல் தடுமாறுவார்கள்.

படி 4: ஒவ்வொரு தொடரும் தனித்தனியாக எப்படி நடக்கிறது

கோஇன்டெக்ரேஷன் என்றாலே, தனித்தனியாக நிலையற்ற இரு தொடர்களின் சேர்க்கை நிலையாக இருப்பது என்றுதான் பொருள். ஆகவே இரண்டிலும் யூனிட் ரூட், அதாவது ஒரு அதிர்ச்சியின் விளைவு கரையாமல் தங்கிவிடும் நிலையற்ற தன்மை, இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கான டிக்கி–ஃபுல்லர் சோதனையில் லேக் (பின்தள்ளிச் சேர்க்கும் மாதங்கள்) எண்ணிக்கைக்கு உச்சவரம்பாக 18 வையுங்கள். 12 × (528/100)^¼ என்ற வழக்கமான விதி தருவது இதுதான். இந்திய விலைகளில் காய்கறி, தானியப் பருவம் அழுத்தமாக இருப்பதால் 12-க்குக் குறைந்த உச்சவரம்பு வைத்தால் எச்சத்தில் (ரெக்ரஷன் விளக்காமல் விட்ட மிச்சத்தில்) தன்தொடர்பு மிஞ்சும்.

போக்கில் முறிவு உள்ள ஒரு நிலையான தொடரை இந்தச் சோதனை யூனிட் ரூட் என்று தவறாக அடையாளம் காணும் என்பதை 1989-இல் பெரோன் காட்டினார். அதனால் சிவோட்–ஆண்ட்ரூஸ் சோதனையையும் சேர்த்து ஓட்டுவது வழக்கம். முறிவுத் தேதியை அதுவே தேடும். வெட்டுப்புள்ளி, போக்கின் சாய்வு இரண்டும் மாறும் வகைக்கு 5% தீர்வுகட்ட மதிப்பு −5.08, வெட்டுப்புள்ளி மட்டும் மாறும் வகைக்கு −4.80. சோதனை மதிப்பு இதற்கும் கீழே போனால்தான் நிராகரிக்கலாம்.

இதைப் படிப்பதில் கவனம் தேவை. சிவோட்–ஆண்ட்ரூஸின் இன்மைக் கருதுகோள், அதாவது சோதனை நிராகரிக்க முயலும் கூற்று, 'யூனிட் ரூட் உண்டு, முறிவு இல்லை' என்பது. நிராகரித்தால் 'முறிவோடு கூடிய நிலையான தொடர்' என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். 'முறிவோடு கூடிய யூனிட் ரூட்' என்ற மூன்றாவது வாய்ப்பும் இருக்கிறதே! 1991 போன்ற பெரிய குதிப்பு உள்ள நாணய விலையில் அதுதான் மிக இயல்பான வாய்ப்பு. இன்மைக் கருதுகோளுக்குள்ளும் முறிவை அனுமதிக்கும் லீ–ஸ்ட்ராசிசிச் சோதனையை (2003) இந்த இடத்தில் நம்பலாம்.

முதல் வேறுபாடுகளையும், அதாவது ஒவ்வொரு தொடரிலும் மாதத்துக்கு மாதம் ஏற்படும் மாற்றத்தையும், சோதியுங்கள். *p*-யின் முதல் வேறுபாட்டிலும் யூனிட் ரூட் மிஞ்சினால் கீழே சொல்லும் எதுவும் அப்படியே பொருந்தாது.

படி 5: முறிவில்லாத சோதனையை முதலில் ஓட்டுங்கள்

*e*-ஐ *p*-யின் மேல் ரெக்ரஷன் செய்து, எச்சத்தில் டிக்கி–ஃபுல்லர். ஒரு விளக்க மாறி, ஒரு மாறிலி என்ற அமைப்புக்கு 5% தீர்வுகட்ட மதிப்பு −3.34. சாதாரண −2.86 அல்ல, எச்சம் என்பது மதிப்பிடப்பட்டது, நேரில் பார்த்தது அல்ல. முறிவுச் சோதனை செய்யப்போகிறோமே, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். படி 7-இல் இந்த எண் தேவைப்படும்.

படி 6: கிரெகரி–ஹான்சன் சோதனை

1996-இல் வந்த இந்த முறைதான் இன்றும் தொடக்கநிலைக்குப் பொருத்தமானது. ஒரு டம்மி மாறி: முறிவு மாதம் வரை 0, அதன் பின் 1. மூன்று அமைப்புகள் உண்டு. முதலாவதில் மாறிலி மட்டும் மாறும். இரண்டாவதில் ஒரு போக்கும் சேரும். மூன்றாவதில் மாறிலியோடு *p*-யின் கெழுவும் மாறும்; அதற்கு டம்மியையும் டம்மி × *p*-யையும் சேர்க்க வேண்டும்.

முறிவு எந்த மாதம் என்று நீங்கள் சொல்வதில்லை. இரு முனைகளிலும் 15% விட்டுவிட்டு, நடுவில் உள்ள ஒவ்வொரு மாதத்தையும் முறிவாக வைத்து ரெக்ரஷன் ஓட்டி, எச்சத்தில் டிக்கி–ஃபுல்லர் மதிப்பு எடுத்து, மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே சோதனை. நம் தரவில் 80-ஆவது மாதம் முதல் 448-ஆவது வரை, மொத்தம் 369 ரெக்ரஷன்.

இந்த எண்களை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். 80-ஆவது மாதம் 1982 ஆகஸ்ட். 448-ஆவது மாதம் 2013 ஏப்ரல். அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்ற செய்தி வந்து ரூபாய் சரியத் தொடங்கியது 2013 மே மாதக் கடைசியில். தேடல் வட்டம் அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடுகிறது! ஆகவே இந்தச் சோதனை 2013-ஐ முறிவாகக் காட்டவில்லை என்றால், அங்கே முறிவு இல்லை என்று பொருளல்ல. அங்கே அது பார்க்கவே இல்லை. உங்கள் சந்தேகம் 2013-இன் மேல் என்றால் தரவை 2019-ஐத் தாண்டி நீட்டுங்கள், 2.88 என்ற அடுத்த இணைப்புக் காரணியையும் கோவிட் காலத்தையும் அப்போது சமாளித்தாக வேண்டும். முனையில் ஒதுக்குவதை 10% ஆக்கினாலும் அந்த மாதம் உள்ளே வரும், ஆனால் தீர்வுகட்ட மதிப்புகள் 15%-க்குக் கணக்கிடப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

ஒரு விளக்க மாறிக்கான 5% தீர்வுகட்ட மதிப்புகள்: மாறிலி மட்டும் மாறினால் −4.61, போக்கும் சேர்ந்தால் −4.99, கெழுவும் மாறினால் −4.95. இரண்டு விளக்க மாறிகள் என்றால் இவை −4.92, −5.29, −5.50 ஆகிவிடும். உங்களுக்கு −4.2 வந்தது என்று வையுங்கள். எங்கிள்–கிரேஞ்சர் அட்டவணையின் −3.34-ஓடு ஒப்பிட்டு 'உறவு உண்டு' என்று எழுதினால் அது பிழை. 369 இடங்களில் தேடிப் பொறுக்கிய குறைந்தபட்ச மதிப்பு அது. பொறுக்கியதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும். இந்த விலை எவ்வளவு என்று நேரில் உணர, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு தற்செயல் நடைத் தொடர்களைக் கணினியில் உருவாக்கி இதே சோதனையை ஓட்டுங்கள். 5,000 முறை செய்தால் ஏறத்தாழ 18.5 லட்சம் ரெக்ரஷன். சாதாரண மடிக்கணினிக்கு முடிகிற வேலைதான். தொடர்பே இல்லாத தொடர்களில்கூட −3.34-ஐ எவ்வளவு அடிக்கடி தாண்டுகிறது என்று அப்போது தெரியும்.

மூன்று அமைப்பையும் ஓட்டி, நிராகரித்த ஒன்றை மட்டும் அட்டவணையில் போடுவது பரவலாக நடக்கிறது. அதுவும் பொறுக்குவதுதான், அதற்கு எந்த அட்டவணையிலும் விலை சேர்க்கப்படவில்லை. எந்த அமைப்பு பொருந்தும் என்பதைக் கோட்பாட்டை வைத்து முன்பே தீர்மானியுங்கள். வாங்கும் சக்திச் சமநிலையில் கெழு 1 என்பதே கோட்பாடு. ஆகவே மாறிலி மட்டும் மாறும் அமைப்பே இங்கு முதல் தேர்வு.

படி 7: முறிவு மெய்யா?

கிரெகரி–ஹான்சன் நிராகரித்தால் 'முறிவு நடந்தது' என்று நிரூபணமாகிவிடாது. அதன் இன்மைக் கருதுகோள் 'உறவு இல்லை' என்பது. முறிவே இல்லாத சாதாரண நீண்டகால உறவு இருந்தாலும் அது நிராகரிக்கும். படி 5-இன் விடையை இங்கே எடுத்துப் பாருங்கள். எங்கிள்–கிரேஞ்சரும் நிராகரித்து இதுவும் நிராகரித்தால், உறவு உண்டு என்பது வலுப்படுகிறது, முறிவு பற்றி இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கிள்–கிரேஞ்சர் நிராகரிக்காமல் இது நிராகரித்தால்தான் முறிவின் பக்கம் சாயலாம். அதை உறுதிசெய்ய, நீண்டகால உறவின் கெழுக்கள் நிலையானவையா என்று பார்க்கும் ஹான்சனின் 1992 சோதனைகளையோ, கெஜ்ரிவால்–பெரோன் முறையையோ (2010) பயன்படுத்துங்கள். பல முறிவுகளைத் தேடும் பாய்–பெரோன் சோதனையை அப்படியே எடுத்து யூனிட் ரூட் உள்ள மாறிகளின் மேல் ஓட்டக் கூடாது. அதன் அட்டவணை நிலையான விளக்க மாறிகளுக்கானது.

சோதனை மதிப்பு மிகக் குறைவாக இருந்த மாதம் முறிவுத் தேதியின் துல்லியமான மதிப்பீடும் அல்ல. அமைப்பை மாற்றினால் தேதி ஓரிரு ஆண்டு நகர்வது சாதாரணம்.

இனி இந்தத் தரவின் உண்மையான சிக்கல். 1991 ஜூலை முறிவு என்று எல்லாச் சோதனையும் சொன்னாலும், டம்மி போடலாமா? 1980-களில் இந்திய விலைகள் அமெரிக்க விலைகளைவிட வேகமாக ஏறின. நிர்வகிக்கப்பட்ட நாணய விலை அதற்கு முழுமையாக ஈடுகொடுத்ததா என்பது *e − p* படத்தில் தெரியும். ஈடுகொடுக்காமல் விலகல் சேர்ந்துகொண்டே வந்திருந்தால், 1991-இன் மதிப்புக் குறைப்பு உறவை முறித்த நிகழ்ச்சி அல்ல, நீண்டகால உறவு தன்னைத் திரும்ப நிலைநாட்டிக்கொண்ட நிகழ்ச்சி. அதற்கு டம்மி போட்டால், நாம் தேடிக்கொண்டிருந்த சரிசெய்தலையே தரவிலிருந்து துடைத்தெறிந்தவர்களாவோம். மாறாக, அதன் பின் *e − p* புதிய மட்டத்திலேயே பல ஆண்டுகள் நின்றால், வர்த்தகத் தளர்வு, 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாய் மாற்றத்தக்கதானது போன்ற காரணங்களால் சமநிலையே இடம்பெயர்ந்தது என்று கொள்ளலாம்; டம்மி நியாயம். இதைத் தீர்மானிக்க எந்தச் சோதனையும் தனியாக உதவாது. படமும் வரலாறும் சேர்ந்துதான் உதவும். டம்மியோடும் இல்லாமலும் இரு விடைகளையும் வெளியிடுவதே நேர்மையான வழி.

படி 8: இரண்டு முறிவு

ஹதேமி-ஜே சோதனை (2008) இரண்டு முறிவுகளைத் தேடும். மாறிலியும் கெழுவும் இருமுறை மாறும் அமைப்பில், ஒரு விளக்க மாறிக்கு 5% தீர்வுகட்ட மதிப்பு −6.015. இரு முறிவுகளுக்கும் இடையிலும் 15% இடைவெளி, நமக்கு ஏறத்தாழ 80 மாதங்கள், அது கேட்கும். 1991 ஜூலைக்கும் 1993 மார்ச்சுக்கும் இடையே 20 மாதங்கள்தான். இந்த இரண்டையும் தனித்தனியாக இதனால் பிடிக்கவே முடியாது. ஒரே மாற்றமாகத்தான் கருத வேண்டும். ஐந்து முறிவு வரை தேடும் மாக்கி சோதனையும் (2012) இருக்கிறது. இரண்டு மாறிகளுக்கு ஐந்து முறிவு தேவைப்பட்டால், அதை நீண்டகால உறவு என்று அழைக்கலாமா என்பதே கேள்வி.

தேதி வரலாற்றிலிருந்து முன்பே தெரியும் என்றால், தேடாமல் நேரடியாக ஜொஹான்சன்–மொஸ்கோனி–நீல்சன் முறைக்குப் போகலாம் (2000). தேடலுக்கான விலை மிச்சம். ஆனால் சாதாரண ஜொஹான்சன் சோதனையில் டம்மியைச் சேர்த்துவிட்டுப் பழைய அட்டவணையையே பார்க்கக் கூடாது. முறிவு தரவின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து மதிப்புகள் மாறும். நம் தரவில் 1991 ஜூலை 187-ஆவது மாதம்; ஆகவே அந்த இடம் 187/528, அதாவது 0.35.

படி 9: கெழுவும் வேகமும்

உறவு உண்டு என்று தெரிந்த பின், நீண்டகாலக் கெழுவை டைனமிக் ஓஎல்எஸ் அல்லது ஃபுல்லி மாடிஃபைட் ஓஎல்எஸ் (இத்தகைய தொடர்களுக்கெனத் திருத்திய ரெக்ரஷன் முறைகள்) மூலம் மதிப்பிடுங்கள். கிரெகரி–ஹான்சன் ரெக்ரஷன் அச்சிடும் டி மதிப்புகளை நம்ப வேண்டாம். அவை வழக்கமான பரவலைப் பின்பற்றுவதில்லை. கெழு மாறும் அமைப்பில், முறிவுக்குப் பிந்தைய கெழு என்பது *p*-யின் கெழு, டம்மி × *p*-யின் கெழு இரண்டின் கூட்டுத்தொகை. டம்மி × *p*-யின் கெழுவை மட்டும் எடுத்துப் 'பிந்தைய கெழு' என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

பிறகு எச்சத்தை ஒரு மாதம் பின்தள்ளி, விலகல் மாதந்தோறும் எவ்வளவு சரியாகிறது என்று அளக்கும் பிழைதிருத்த மாதிரியில் சேருங்கள். அதன் கெழு எதிர்க்குறியோடு, பூஜ்ஜியத்திலிருந்து தெளிவாக விலகி இருக்க வேண்டும். −0.02 என்று வந்தால், விலகலில் பாதி சரியாக ln(0.5)/ln(0.98), சுமார் 34 மாதங்கள் ஆகும். நாணய விலை ஆய்வுகளில் 3 முதல் 5 ஆண்டுகள் என்பது வழக்கமான வீச்சு. அதற்கு அருகில் இருந்தால் வியப்பில்லை. இரண்டு மாதத்தில் பாதி சரியாகிறது என்று வந்தால், தேவைக்கு மேல் டம்மி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். *e*-யின் சமன்பாட்டில் இந்தக் கெழு பூஜ்ஜியமாகவும் *p*-யின் சமன்பாட்டில் வலுவாகவும் வந்தால் சரிசெய்தலைச் செய்வது விலைகள்தான், நாணயம் அல்ல. ஆகவே இரு சமன்பாடுகளையும் ஓட்டுங்கள்.

அறிக்கையில் எந்த அமைப்பு, எத்தனை லேக், எப்படித் தேர்ந்தெடுத்தது, முனையில் எத்தனை சதவீதம் ஒதுக்கியது, தேடல் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, இரட்டை விலை ஆண்டுக்கு எந்த விலை, இணைப்புக் காரணிகள் எவை என்பதெல்லாம் இருக்கட்டும். 369 மதிப்புகளையும் மாதவாரியாக ஒரு கோடாக வரைந்து, தீர்வுகட்ட மதிப்பைக் கிடைக்கோடாகப் போடுங்கள். ஒரே கூர்மையான பள்ளம் விழுந்திருந்தால் முறிவுத் தேதியைத் துணிந்து எழுதலாம். பல ஆண்டுகளுக்கு அகலமாகக் கிடந்தால், ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லாமல் அந்தக் காலப்பகுதியை மட்டும் குறிப்பிடுங்கள்.